நான் கேட்காத கருவாடு

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தது பத்து வீடுகள் கொண்ட ஒரு லைனில். ஒரே ஓட்டுக் கூரை. வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உண்டே தவிர, அது கூரை வரை எட்டாது. மூன்றாம் வீட்டில் குழந்தை தும்மினால் ஏழாம் வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். குழம்புக் கிண்ணம் சுவருக்கு மேலேயே கைமாறும். அப்படி ஒட்டிக் கிடந்த லைன், யுத்தம் முடிந்த மறு வருஷம் பத்தே நாளில் பத்துத் துண்டாயிற்று.

அம்மை வந்ததுதான் காரணம். இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். ஆத்தா இறங்கியிருக்கும்போது லைனில் யாரும் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. எண்ணெய் வாடை பட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். என் அம்மாவுக்கு இதில் அசையாத நம்பிக்கை. எங்கள் வீட்டில் மோர்ச் சோறுதான். ஆனால் ஒரு மத்தியானம் கருவாடு வறுக்கிற வாசனை கூரையடியில் கமகமவென்று பரவியது. யார் வீட்டு அடுப்போ, இன்றுவரை தெரியாது. மறுநாள் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு முத்துப் போட்டது.

பிறகென்ன, ஒருவரையொருவர் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார்கள். தடுப்புச் சுவருக்கு மேல் கோணி கட்டினார்கள். குழாயடியில் குடங்கள் தள்ளித் தள்ளி நின்றன. கடைசியில் எல்லார் சந்தேகமும் கோடி வீட்டு ரங்கூன்காரம்மா மேல் விழுந்தது. குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவள். புருஷனை வழியிலேயே பறிகொடுத்தவள். ஒரு பெண் குழந்தை. லைனை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

குழாயடியில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றது அப்பாவின் அண்ணி, என் சொந்தப் பெரியம்மா.

"இன்னிக்கே மூட்டைய கட்டிக்கினு கெளம்பு. உன்னாலதான் ஆத்தா கோச்சிக்கினா."

"நான் வறுக்கலம்மா, கொழந்த மேல சத்தியம்" என்று அவள் அழுதாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் என் அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாவ ஏன்க்கா வெரட்டுற? வறுத்தது நாந்தான். இதோ நிக்கிறாளே எங்க பொண்ணு, கருவாடு வேணும்னு ஒரே அழுக."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். வாசனை வந்த அந்த மத்தியானம் எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. நான் எங்கே அழுதேன்? வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

சொந்த ஓரகத்தியை விரட்டப் பெரியம்மாவுக்கு வாய் வரவில்லை. "ஆத்தா உன் வூட்டுக்கும் வருவா, பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆடிக் கூழ் ஊற்றும் வரை எங்களோடு யாரும் பேசவில்லை. குழாயடியில் எங்கள் குடத்தை ஒட்டி நின்றது ரங்கூன்காரம்மா குடம் ஒன்றுதான். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த இரண்டு குடங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அன்றைக்கு அதெல்லாம் எங்கே புரிந்தது? மறுநாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் அம்மா என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்துவாள். பாவாடையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பாள், காதுக்குப் பின்னால் தடவுவாள், உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பாள். எனக்குக் கூச்சம் தாங்காது. முத்து ஒன்றும் இல்லை என்று ஆனதும் என்னை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பொய் சொன்னதற்குத் தாஜா பண்ணுகிறாள் என்று நினைத்து, நான் உம்மென்று நிற்பேன்.