மேடையில் என் இளவயதுக் கணவர்

இன்று பெரம்பலூரில் என் பேத்தியின் திருமண வரவேற்பு. புதுமையாக இருக்கட்டும் என்று, இறந்துபோன என் கணவரின் மெழுகுச் சிலையை மேடைச் சோபாவில் உட்காரவைத்திருந்தார்கள்.

மாதிரிக்குக் கொடுத்தது, 1981இல் அரியலூரில் எங்கள் வரவேற்பில் எடுத்த படம். அதனால் அவருக்கு இன்னும் இருபத்தெட்டு வயதுதான். கண்ணாடிக் கண்கள் என்னையே பார்த்தன. நான் நகர்ந்து உட்கார்ந்தாலும் பார்த்தன.

என் மகள் கல்யாணத்தில், "நீங்க கீழயே உக்காருங்க அண்ணி" என்று என்னை மேடையேற விடாத நாத்தனார், இன்று குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"அதான் அண்ணன் வந்துட்டாருல்ல. ஏறி வாங்க, பொண்ணுக்கு வச்சு விடுங்க."

ஏறினேன். போட்டோகிராபர் சொன்னார்: "அம்மா, மகன் பக்கத்துல நெருங்கி உக்காருங்க."

என் கணவரின் கை என்மேல் பட்டது. சூடாக இருந்தது.

"லைட்டு சூடு அம்மாயி" என்றாள் பேத்தி. அவள் நெற்றியில் குங்குமம் வைத்தேன்.

சிலையை வேனில் ஏற்றியதும் நாத்தனார் சிமிழுக்குக் கை நீட்டினாள். "இறங்குங்க அண்ணி."

நான் இறங்கவில்லை. சிமிழை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

சாத்திரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அந்தச் சோபாவில் எங்கள் இருவரில் உயிரோடு இருந்தது யார்?