பட்டனும் கொக்கியும்

மூட்டு வாதத்துக்கு ஏழெட்டு வருசமாக ஒரே மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்கு முன்னால் விரல் மடங்காது. ரவிக்கைக் கொக்கியை மருமகள்தான் மாட்டிவிடுவாள். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் கூச்சம், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாத்திரை வந்தபிறகு கொக்கி மறுபடி என் கைக்கு வந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாத்திரை நாள்பட்டால் கண்ணைக் கெடுக்கலாமாம். பரிசோதனைக்கு ஓசூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மருமகள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, எங்கள் ஊர் ஜூஜுவாடியிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

இருட்டு ரூமில் ஒரு மிஷின். அதில் என் முகத்தை வைத்து, கையில் பட்டன் கொடுத்தாள் ஒரு கன்னடத்துப் பொண்ணு.

"அஜ்ஜி, நேரா பாருங்க. எங்க லைட் மின்னினாலும் அழுத்துங்க."

மின்மினி மாதிரி வெளிச்சம் இங்கேயும் அங்கேயும் வந்தது. எல்லாம் தெரிந்தது. ஆனால் அழுத்தினால் அவளுக்கு மணி அடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முன்பு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலோரத்துப் பட்டனை அழுத்தி அழுத்தி நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதனால் எப்போதாவது ஒரு தரம் அழுத்தினேன்.

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார். அதிலிருந்த வட்டம் பூராவும் கறுப்பு. லைட் தெரியாத இடமெல்லாம் அப்படிக் கறுப்பாக விழுமாம்.

"மாத்திரையை நிறுத்த வேண்டி வரும்" என்றார்.

எனக்குக் கொக்கிதான் ஞாபகம் வந்தது. கண் கலங்கிவிட்டது.

மருமகள் குனிந்து, "அத்தை, லைட்டே தெரியலையா?" என்றாள்.

"தெரிஞ்சுதும்மா. சும்மா சும்மா மணியடிச்சா அந்தப் புள்ள எத்தன வாட்டி எந்திரிச்சு வரும், பாவம்!"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மறுபடி உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை விட்டேனா! அழுத்து அழுத்தென்று அழுத்தினேன்.

"அஜ்ஜி, லைட் வர்றதுக்கு முன்னாலயே அழுத்துறீங்க! மெதுவா, மெதுவா" என்று அந்தப் பொண்ணு என் தோளைத் தட்டினாள்.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. கண்ணைப் போட்டோவும் எடுத்தார்கள்.

"கண்ணு நல்லா இருக்கு. மாத்திரையைச் சாப்பிடுங்க. வருசா வருசம் வந்து காட்டணும்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு ரவிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் கதவைத் தட்டினாள்.

"அத்தை, கொக்கி மாட்டணும்னா மணி அடிங்க, வர்றேன்!"

"போடி, கம்பெனிக்கு நேரமாச்சு பாரு" என்றேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மேல் கொக்கி கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு மாட்டிக்கொண்டது.