வலிக்காத பட்டி

அப்பாவின் குதிகால் புண் விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. அம்மாவுடையது காஜ் என்கிற வலைத்துணிக் கட்சி. அத்தையுடையது ஒட்டுத்தாள் கட்சி. நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் நடுவர். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட இருந்தது.

அப்பா தாராவியில் ஒரு தோல்பை கார்கானாவில் வேலை பார்த்தார். சர்க்கரை இருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொள்வார். ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நடந்த இடமெல்லாம் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். குதிகாலில் ஒரு சின்ன ஆணி ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்றார். நாங்களும் நம்பினோம்.

புண்ணைக் காயப்போட வேண்டும் என்பது அம்மாவின் கொள்கை. கழுவித் துடைத்து, பொடி தூவி, உலர்ந்த காஜை வைத்துப் பட்டி கட்டுவாள். மறுநாள் அது புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்து எடுத்தால் புதிதாக வளர்ந்த சதையும் கூடவே வரும். ரத்தம் கசிந்தால், நல்ல ரத்தம் ஓடுகிறது என்று சந்தோஷப்படுவாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. அங்கே மிஞ்சிய ஒட்டுத்தாள்களைக் கொண்டுவந்திருந்தாள். தோல் நிறத்தில் மெத்தென்று இருக்கும். ஒட்டிவிட்டு ஐந்து நாள் தொடக்கூடாதாம்.

"ஈரமா மூடி வச்சா அழுவிராதா மைனி?" என்றாள் அம்மா.

"நீ தெனமும் பிச்சுப் பிச்சு எடுத்தா மட்டும் ஆறிருமாக்கும்?"

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு வாரம் காஜ், ஒரு வாரம் ஒட்டுத்தாள். எது வலிக்கவில்லையோ அதுதான் நல்ல பட்டி. ஆனால் அப்பாவைக் கேட்டுப் பயனில்லை. மனைவியும் நோகக்கூடாது, அக்காளும் நோகக்கூடாது என்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார். "ஏட்டி, ஒங்கப்பன் வாய் பொய் சொல்லும். நீ மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்று அத்தை என்னைப் பிடித்து அவர் எதிரில் உட்காரவைத்தாள்.

முதல் வாரம் அம்மா காஜைப் பிய்த்தாள். அந்தச் சத்தத்துக்கே எனக்குப் பல் கூசியது. அப்பா புருவத்தைக்கூட அசைக்காமல் மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஜெயித்தாள்.

இரண்டாம் வாரம் மூன்றாம் நாளே ஒட்டுத்தாளின் ஓரத்தில் மஞ்சளாக வழிந்தது. வாடையும் அடித்தது. சீழ் வைத்துவிட்டது என்று அம்மா கத்தினாள். அது தாள் உருகிய தண்ணீர், அப்படித்தான் வரும் என்று அத்தை சாதித்தாள். தீர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினேன். பிறகு பலமாக அழுத்தினேன்.

"வலிக்கா அப்பா?"

"இல்லட்டி."

முகமும் அதையே சொன்னது. வலி இல்லையென்றால் ஆறுகிறது என்று அர்த்தம். தீர்ப்பை அம்மாவும் ஒத்துக்கொண்டாள். ஒட்டுத்தாளை இன்னொரு வாரம் நீட்டித்தோம். அந்த ஒரு வாரத்துக்காக இன்றுவரை என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போதோ எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊசி போட வந்தாலே கட்டிலுக்கடியில் ஒளிகிறவள் நான். எங்கப்பாவுக்கு எதுவுமே வலிக்காது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் அப்பாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. பாதம் கணுக்கால்வரை கறுத்திருந்தது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலை எடுத்தாக வேண்டும் என்று மறுநாள்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த முதல் நாள்தான்.

டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தான் தொடுவது தெரிந்ததும் "ஹா" என்று சொல்லும்படி இந்தியில் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டார். பெருவிரல், பாதத்தின் நடு, புண்ணின் ஓரம். அப்பா வாயே திறக்கவில்லை. அடுத்து ஒரு குண்டூசியை எடுத்து லேசாகக் குத்தினார். அப்போதும் இல்லை. இன்னொரு காலிலும் அப்படியே.

"எங்கப்பாவுக்கு வலிக்கவே வலிக்காது டாக்டர்" என்று நான் இந்தியில் பெருமையாகச் சொன்னேன்.

டாக்டர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே பேசியதற்குத்தான் கோபம் போலும் என்று நினைத்தேன்.

அப்பா மட்டும் இன்னும் கண்ணை மூடியபடி, ரொம்பக் கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர் சாப்?" என்று கேட்டார்.

அப்பா வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.