முப்பத்து மூன்றாவது வரிசை

அந்தோணிராஜ் அண்ணன் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், ஊரே கறிக்கடையில் நிற்கும். இவர் பிபிசி மைக்ரோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். எண்பதுகளில் வந்த கம்ப்யூட்டர் அது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, சரிசெய்து, பழைய டிவியோடு இணைத்திருக்கிறார். மொத்த நினைவகமே முப்பத்திரண்டு கிலோபைட். எனக்குத் தினமும் போனில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. இதைச் சொல்லி அவரைச் சீண்டுவேன். கோபமே படமாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல்.

கோயம்புத்தூரில் இப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் சிலர் வருடம் ஒருமுறை போட்டி வைக்கிறார்கள். இருநூற்று ஐம்பத்தாறு பைட்டுக்குள் ஒரு புரோகிராம் எழுதி, திரையில் எதையாவது அசைய வைக்க வேண்டும். இரண்டு மூன்று வரிக் கடிதம் பிடிக்கும் இடம், அவ்வளவுதான். போன வருடம் இவர் அனுப்பியது இரண்டு பைட் கூடுதல் என்று திரும்பி வந்தது. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருடம் பட்டியலில் பெயர் வந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம்.

இம்முறை பனியன் காலரின் பின்னல் கண்ணிகள், திரை முழுக்க அலை அலையாக ஓடும்படி எழுதியிருந்தார். மூன்று மாதம் சுரண்டியும் இருநூற்று ஐம்பத்தொன்பதில் நின்றுவிட்டது. அந்த ஞாயிறு மாலை ஆறு மணியோடு கெடு முடிகிறது. மணி நான்கு.

அவர் மனைவி ரோஸ்மேரி அக்கா காபி கொண்டுவந்தார். வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. எதைக் கண்டாலும் எண்ணிவிடுகிற கண். மேசையில் அண்ணன் காலரை வரிசை வரிசையாக வரைந்து வைத்திருந்த கட்டம் போட்ட நோட்டைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார்.

"ஏங்க, நோட்டுல முப்பத்திமூணு வரிசை இருக்கு. டிவியில முப்பத்திரெண்டுதான் ஓடுது. இன்னொண்ணு எங்க?"

"அது எக்ஸ்ட்ரா. தெரைக்கு வெளிய போயி விழுந்தா புரோகிராமையே அழிச்சிரும். அதைத் தடுக்கத்தான் நாலு பைட் போட்டிருக்கேன்."

"எதுக்கு எக்ஸ்ட்ரா?"

அண்ணன் நோட்டை இழுத்து வரிசைகளை எண்ணினார்.

கட்டிங் டேபிளில் ஆயிரம் பீஸ் ஆர்டர் என்றால் ஆயிரத்து முப்பது வெட்டுவார்கள். ஓட்டை, கறை என்று சில கழிந்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. அந்தப் பழக்கத்தில் கை தானாக இங்கேயும் ஒரு வரிசையைக் கூட்டிப் போட்டிருக்கிறது. டிவித் திரையில் எந்த வரிசை ஓட்டையாகப் போகிறது?

"தேவையில்லாததை நீங்களே போட்டு, நீங்களே தடுத்துக்கிட்டு இருக்கீங்களாக்கும்!" என்றார் அக்கா.

அண்ணன் முப்பத்து மூன்றை முப்பத்திரண்டாக்கி, தடுப்பைத் தூக்கினார். இருநூற்று ஐம்பத்தைந்து. மூன்று தடவை எண்ணினார். ஓடவிட்டார். காலர் முன்பைவிட வேகமாக அலையடித்தது. அவர் சிரித்த சிரிப்பில் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல் காபியைக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணனுக்குப் போட்டி நடத்துகிற தங்கராஜ் போன் செய்தார்.

"ஏனுங்க, படிவத்துல ரெண்டு பேரு போட்டிருக்கீங்க. ரோஸ்மேரிங்கறவங்க எந்த இடத்தை எழுதுனாங்க?"

"அவ எழுதலீங்க. நாலு பைட்டை எடுத்தா."

"அட, அதுதானுங்க கஷ்டமே! சேர்த்தே போட்டர்றனுங்க."

பட்டியல் வந்தது: அந்தோணிராஜ், ரோஸ்மேரி, 255 பைட். அக்கா போனை வாங்கித் தன் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். பதினெட்டு வருடமாக அவர் பார்த்து அனுப்பிய எந்தப் பனியனிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

"இதை எனக்கு அனுப்புங்க," என்றார். "நாளைக்குக் கம்பெனியில எல்லாருக்கும் காட்டணும்."