மஸ்டாங்கின் அடியில் அழிந்த எழுத்து

ஷார்ஜா தொழில்பேட்டையில், எங்கள் அர்பாபின் ஷெட்டில் இருபத்திரண்டு கார்கள் நிற்கின்றன. எல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காக்காரன் செய்தவை. பெரிய என்ஜின், பெரிய சத்தம். அந்த அரபி முதலாளி அவற்றை ஓட்டுவதைவிட நின்று பார்ப்பதுதான் அதிகம். பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். மேலே துடைத்து மெருகு போடுவது கீழக்கரை சுஐபு, அதாவது நான். கீழே படுத்து ஆயில் ஒழுகுகிறதா, துரு ஏறுகிறதா என்று பார்ப்பது முதுகுளத்தூர் பொன்னுச்சாமி.

அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பதினோரு வருஷம் ஒரே ரூமில் இருந்தோம். பாவிப்பயலுக்கு விளையாட்டுக்குக்கூடப் பொய் வராது. சாம்பார் எப்படி என்று மெஸ்காரர் கேட்டால், "தண்ணியா இருக்கு" என்பான். அன்றைக்கு அவன் தட்டில் காய் விழாது. "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்!

அவன் டயர் வாங்கப் போயிருந்த ஒரு காலையில், மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்களே என்று சிவப்பு மஸ்டாங் காரை நானே ஜாக்கியில் ஏற்றினேன். அடியில் மஞ்சள் சாக்பீஸில் ஏதோ எண்கள். எந்தப் பயல் கிறுக்கினானோ என்று டீசலில் துணியை நனைத்துப் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

வந்தவர்கள் என் மெருகைப் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து அடியைத்தான் பார்த்தார்கள். நான் துடைத்த அந்த மஞ்சள் எழுத்து, காரைச் செய்த அன்று ஃபேக்டரிக்காரன் எழுதியதாம். அது அழியாமல் இருந்ததற்காகவே அர்பாப் அந்தக் காரை வாங்கினாராம். எனக்கு யார் சொன்னது?

எங்கள் இருவரையும் நிறுத்தி, யார் என்று கேட்டார் அர்பாப். "நான் தொடலை" என்றான் பொன்னுச்சாமி. "எனக்குத் தெரியாது" என்றேன் நான். காரின் அடி அவன் வேலை. விசா கேன்சல், நாலாம் நாள் அவன் விமானம் ஏறினான். என் இரண்டாவது மகளுக்கு நிக்காஹ் பேசியிருந்த நேரம் அது. த்தூ, அதுவும் ஒரு காரணமா?

பிறகு ஒருநாள் சாவிப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு அர்பாப் ஹிந்தியில் சொன்னார்: "எழுத்து போனதுக்காக அவனை அனுப்பலை, சுஐபு. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான் பாரு, அதுக்குத்தான்." நான் தலையை ஆட்டினேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்குப் போட்டது. அவன் சோற்றில் மண்ணைப் போட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் ஊரிலிருந்து பொன்னுச்சாமி கூப்பிடுவான். "பாய், வேலை வேணாம். நான் பொய் சொல்லலைன்னு மட்டும் அர்பாப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு." சொல்கிறேன், சொல்கிறேன் என்றே ஐந்து மாதம் ஓட்டினேன். போன வாரம், அவன் கேட்பதை நிறுத்தினால் போதுமென்று, "சொல்லிட்டேன்ப்பா. அவர் உன்னை மன்னிச்சுட்டாராம்" என்றேன்.



"மன்னிச்சாரா? எதுக்கு பாய்? நான்தான் ஒண்ணும் பண்ணலையே?"

ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, போனை வைத்துவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடவில்லை.