பொட்டு வைத்து முக்கிய கண்ணாடி

முனிரத்தினத்தைப் போல ஒரு சாமிப் பைத்தியத்தை நான் பார்த்ததே இல்லை. பம்மலில் நாங்கள் வேலை பார்த்த பட்டறைக்குப் புதுத் திருகாணி வந்தால்கூட, சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் முடுக்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தொழிலுக்கு முதல் எதிரியே விரல்தான்; அதன் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது.

ஐஸ்கிரீம் பெட்டியின் மூடிக் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கப் பூச்சு போடுவது எங்கள் வேலை. ஆவி என்பது வேறொன்றும் இல்லை, கண்ணாடியில் பொடிப்பொடியாக நிற்கிற தண்ணீர். தண்ணீரை இழுத்துக்கொள்ளும் பூச்சு இருந்தால் அது துளியாக நிற்காது. மெலிசாகப் பரவிவிடும், கண்ணாடி பளிச்சென்று தெரியும். அதற்குக் கண்ணாடியைச் சோடா போட்டுக் கழுவி, கை படாமல் கிடுக்கியில் பிடித்து, பசை போன்ற கரைசலில் முக்கி, மெல்ல மெல்ல மேலே தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பூச்சு அலை அலையாகிவிடும். பிறகு தூசி படாத பெட்டியில் காயவைத்து அடுப்பில் சுட வேண்டும். அடுப்பு என் பொறுப்பு. தூக்குவதில் முனிரத்தினத்தை அடிக்க ஆளில்லை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் கிடுக்கியை மேலேற்றும் கைப்பிடியைச் சுற்றுவான்.

அவன் பெண்சாதி செல்லியம்மாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை போட்டிருந்தாள். தொண்ணூற்றொன்றில் கண்புரை ஆபரேஷன் ஆகி, அவளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அதைக் கழற்றினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. போட்டுக்கொண்டாலோ, இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் ஆவி அடித்து இட்லியே தெரியாது. ஒருநாள் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். கடையை மூடு என்று மகன் ஒரே பிடிவாதம்.

"கடைய மூடிட்டு வூட்ல குந்திகினு இன்னா பண்ணுவேன்னு அழுவறா சம்பத்து" என்றான் முனிரத்தினம். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "அவ கண்ணாடிக்கும் நம்ம பூச்சு போட்டா இன்னா?"

"போடலாம். அசல் கண்ணாடிதானே, சூடு தாங்கும். ஆனா பொட்டு கிட்டு வெச்சே, கைய ஒடிச்சுடுவேன்."

சரி சரி என்று தலையாட்டினான். சட்டத்திலிருந்து சில்லுகளைக் கழற்றிக் கழுவி முக்கினான். நான் சுட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் கடைக்குப் போனோம்.

செல்லியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொப்பரை மூடியைத் தூக்கினாள். குப்பென்று ஆவி முகத்தில் அடித்தது.

"யோவ், தெரிதுயா! உன் மூஞ்சி தெரிது! இன்னாயா, சவரம் பண்ணிக்கல நீ?"

அப்புறம்தான் பார்த்தேன். வலது சில்லின் மேல் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக ஆவி உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் பூச்சு பிடிக்கவில்லை.

"அடப்பாவி, வெச்சுட்டியா?"

"கழுவின பின்னாடி லேசா வெச்சு தொடச்சிட்டேன் சம்பத்து. அவளுக்குன்னு செய்யறேன், சாமி கிட்ட சொல்லாம எப்டி?" முகம் செத்துப்போய்விட்டது அவனுக்கு. "குடு செல்லி, திரும்பப் பூசிகினு வரேன்."

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "ஒண்ணும் வாணாம். இட்லி தெரிது, ஆளு தெரிது, போதும். மூடிய தொறக்கசொல்ல உன் விரலும் தெரிது. நீ பக்கத்துல நின்னுகினு கீற மாரி கீது. இருக்கட்டும்யா."

கடை நடந்தது. கழுவிக் கழுவிச் சில மாதங்களில் பூச்சு தேய்ந்துவிட்டது. முனிரத்தினம் அவளைக் கைப்பிடித்துப் பட்டறைக்கே அழைத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்தான். சில்லுகளைக் கழுவி முடித்து, எனக்குப் பயந்து நேராகக் கரைசலுக்குக் கொண்டுபோனான்.

கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு அவள் கேட்டாள். "யோவ், பொட்டு வெச்சியா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"வெச்சிட்டு முக்குயா" என்றாள்.

சந்தனக் கிண்ணத்தை நானே எடுத்து அவனிடம் நீட்டினேன்.