பெரியப்பா கட்டிய கயிற்று நாற்காலி

சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திக்கொண்டு திரியும் ஆண்களை நான் போன ஊர்களில் எல்லாம் பார்த்திருக்கிறேன். தங்கும் விடுதியில் ஒழுங்காக இருக்கிற குழாயைக் கழற்றிப் போடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இதுல ஒரு சத்தம் வருது, கவனிச்சீங்களா?" என்பார்கள். அவர்கள் கை பட்ட பிறகுதான் சத்தம் வரும். இந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவரைப் பிடித்துக் கொடு என்று யாராவது கேட்டால் நான் அதிகம் அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலேயே பெரியப்பா இருக்கிறார்.

அவர் லிஃப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்றின் கிடங்கில் வேலை பார்த்தார். மெக்கானிக்குகள் கேட்கும் போல்ட்டையும் கிரீஸ் டப்பாவையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் அவருக்கு அது போதவில்லை. வெளியே யார் கேட்டாலும் "நான் லிஃப்ட் லைன்ல இருந்தவன்" என்று அளந்து விடுவார். தெருவும் நம்பி அவரை லிஃப்ட்டு சார் என்று கூப்பிட ஆரம்பித்தது. தன் வாழ்நாளில் ஒரு லிஃப்டின் மூடியைக்கூட அவர் கழற்றிப் பார்த்ததில்லை என்பது பெரியம்மாவுக்கும் எனக்கும் தெரியும். பெரியம்மா வெளியே சொல்ல மாட்டார். நான் சொல்வேன்.

ஓய்வு பெற்றதும் அவர் வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாஷரை மாற்றினால் தீர்ந்துவிடும். பெரியப்பா குழாயின் வாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, அதை ஒரு வாளிக்குள் விட்டு, வாளி நிரம்பினால் மணி அடிக்கிற மாதிரி ஒரு மிதவை செய்து வைத்தார். மணி அடித்தால் பெரியம்மா எழுந்து போய் வாளியைக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த பெரியம்மா தானே போய் ஒரு வாஷர் வாங்கிவந்து போட்டுவிட்டார். சொட்டுவது நின்றது. பெரியப்பா அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். குழாய் நின்றதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அவருடைய மணியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி முகம்.

வீட்டுக்குச் சோறு போட்டது பெரியம்மாவின் கடை. கடை என்றால் தெருமுனைக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய ஓர் இடம். ஒரு பெரிய தையல் மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு நீளக் கண்ணாடி. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, போன வருடத்துச் சட்டையை இந்த வருடத்துத் தொப்பைக்கு விரித்துக் கொடுப்பது. அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். பெரியம்மா பேசிக்கொண்டே அளவெடுப்பார், வாய் நிறைய குண்டூசியோடு.

அவருக்கு முழங்கால் போனது. சமதளத்தில் நடக்கலாம், படி மட்டும் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடியிருப்பதோ மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேலே விட்டதோடு சரி, பெரியம்மா பிறகு தெருவில் கால் வைக்கவில்லை. கடையின் ஷட்டர் மூடியே கிடந்தது.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தங்க வேறு இடம் இல்லாமல் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். கூடத்தில் எனக்கென்று ஒதுக்கிய மூலையில் பழைய வாஷிங் மெஷினின் மோட்டார், கப்பிகள், கம்பிக் கயிற்றுச் சுருள்கள், சிமென்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாக்கள். அவற்றுக்கு நடுவில் எனக்குப் பாய். பெரியம்மா ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் இடத்துக்குச் சொந்தக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் பிறப்பதற்குள் பெரியம்மா வந்து உட்காராவிட்டால், செல்போன் உறை விற்கிற ஒருத்தருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவாராம்.

"மிஷின் போயிட்டா போகட்டும், வேற வாங்கிக்கலாம்," என்றார் பெரியம்மா என்னிடம். "அந்த இடம் போயிடுச்சுன்னா அவ்வளவுதான். என்னைத் தேடி யாரு மாடி ஏறி வருவா?"

பெரியப்பாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிஜமான பிரச்சினை அகப்பட்டிருந்தது. கட்டடத்தின் படிக்கட்டு சுற்றிச் சுற்றி இறங்கும், நடுவில் கிணறு மாதிரி காலியிடம். அந்தக் காலியிடத்தில் ஒரு நாற்காலியைக் கயிற்றில் தொங்கவிட்டு, மோட்டாரால் பெரியம்மாவை இறக்கி ஏற்றப் போகிறாராம். எதையெல்லாமோ அளந்தார். காலியிடத்தை அளந்தார், உத்தரத்தை அளந்தார், கயிற்றின் தடிமனை அளந்தார். பார்க்க வந்தவர்களிடம் பிரேக்கைப் பற்றியும் எதிர்ப்பாரத்தைப் பற்றியும் டீ ஆறிப்போகிற வரை பேசினார். வந்தவர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மனைவிக்காக ஒரு மனுஷன் இப்படிப் பாடுபடுகிறாரே என்று கண் கலங்கிய ஒரு அம்மாளை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மாள் போன பிறகு டீ கிளாஸ்களைக் கழுவியது பெரியம்மா, நின்றபடியே, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு.

கீழ் வீடு ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தீர்களா என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"நாலு ஊரு பார்த்துட்டு வந்தவ, இவ்வளவு சாதாரணமா யோசிக்கிறியே," என்றார் பெரியப்பா, என் மேல் பரிதாபப்பட்டு. "அதெல்லாம் கேட்டாச்சு. ஒண்ணும் கிடையாது."

நம்பினேன்.

பிறகு சோதனை ஓட்டம் என்று சொல்லி என் பெட்டியைக் கேட்டார். பாரமான பெட்டி அது ஒன்றுதான் என்பதால் கொடுத்தேன். அது இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உடுத்த இன்னொரு துணி இல்லாமல் நான் நிற்க, படியில் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாம் அந்தரத்தில் ஆடும் என் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கயிற்றை விட்டு இறக்குங்கள் என்றால், ஏன் நின்றது என்று தெரியாமல் தொட மாட்டேன் என்றார். கடைசியில் கீழ் வீட்டு டிரைவிங் மாஸ்டர் ஒரு துடைப்பக் கட்டையால் பெட்டியை ஒரு தள்ளுத் தள்ளினார். அது சரசரவென்று இறங்கிவிட்டது. அதற்கும் பெரியப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாதம் முடியப் போகிற சமயத்தில் எல்லாம் தயார் என்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டடமே படிக்கட்டில் கூடியது. பெரியம்மா நல்ல புடவை கட்டி, கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். இறங்கியதும் நேராகக் கடைக்குப் போவதாக எண்ணம். மோட்டார் உறுமியது. நாற்காலி ஆடி அசைந்து வந்து எங்கள் முன்னால் நின்றது. இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி, பற்றவைத்தது. விழுந்துவிடாமல் இருக்க.

பெரியம்மா திரும்பி உட்காரப் போனார். உட்கார முடியவில்லை. கைப்பிடிகளுக்கு நடுவில் அவர் இடுப்பு நுழையவில்லை.

என் பெட்டிக்குப் பிறகு பெரியப்பா செய்த ஒவ்வொரு சோதனையிலும் அவரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஈர்க்குச்சி உடம்பு. இத்தனை காலம் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அளந்தவர், யாருக்காக அதைச் செய்தாரோ அவரை ஒரு தடவை எழுந்து நிற்கச் சொல்லி ஒரு டேப்பை வைத்துப் பார்க்கவில்லை. அதுவும் டேப்பையே தொழிலாக வைத்திருக்கிற ஒருத்தியின் வீட்டில்.

"கொஞ்சம் மூச்சைப் பிடிச்சு உட்காரு," என்றார்.

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். பெரியம்மாவின் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். அப்போது கீழேயிருந்து ஏறி வந்திருந்த டிரைவிங் மாஸ்டரின் மனைவி, மனசு பொறுக்காமல் சொன்னார்.

"அன்னிக்கே வீட்டை மாத்திக்கிட்டிருந்தா இந்தத் தொந்தரவே இல்லையேக்கா. நாங்க மேல வர்றோம்னு சொன்னோமே."

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அந்தப் பெண் விளக்கினார். கீழ் வீட்டில் வெயிலே வருவதில்லை, துணி காய்வதில்லை, அவருடைய செடிகள் எல்லாம் வெளிறிப் போகின்றன. பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே மாஸ்டர் மேலே ஏறி வந்து, நாம் வீட்டை மாற்றிக்கொள்வோமா என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறார். வீட்டு ஓனரும் சரி என்று சொல்லிவிட்டாராம். பெரியப்பாதான் மறுத்திருக்கிறார். என் மனைவிக்கு மாடிக் காற்று இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று சொன்னாராம்.

பெரியம்மா மெதுவாகத் திரும்பினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பெரியப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"கீழ போயிட்டா," என்றார் பெரியப்பா, "அப்புறம் இது எதுக்கு?"

அவர் அதை வெட்கப்பட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவருக்கு வெட்கம் இல்லை. இவ்வளவு தெளிவான விஷயம் ஏன் யாருக்கும் விளங்கவில்லை என்று கொஞ்சம் எரிச்சல், அவ்வளவே. ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பிழைப்பு கை நழுவிப் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கோ அவள் கீழே இறங்குவது முக்கியமில்லை, எதில் இறங்குகிறாள் என்பதுதான் முக்கியம்.

பெரியம்மா ஒன்றும் திட்டவில்லை. என் தோளை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மேல் படியில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி, அடுத்த படிக்கு இறங்கினார். உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக. நல்ல புடவை தூசியில் தேய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். நான் முன்னால் போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. கைப்பிடியை வெட்டி அகலப்படுத்த அரை நாள் போதுமாம், ஒரு அரை நாள் பொறுத்தால் என்னவாம். பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார், மறுபடி இறங்கினார்.

கீழே போய்ச் சேர்ந்ததும் மாஸ்டர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "இன்னும் மாத்திக்க இஷ்டமா தம்பி?" என்றார்.

"இன்னிக்கே வேணும்னாலும் சரிக்கா."

அன்றைக்கே தொடங்கிவிட்டது. மூட்டைகளும் கட்டிலும் கீழே வந்தன, செடிகள் மேலே போயின. பெரியப்பா பாத்திரங்களையாவது கயிற்றில் இறக்கித் தருகிறேன் என்று கெஞ்சினார். சாமான் தூக்க வந்தவர்கள் தொங்கும் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் முதுகிலேயே சுமந்து இறக்கினார்கள். அவர் ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, எதை எப்படித் திருப்பினால் வாசலில் நுழையும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதெல்லாம் தப்பு. ஓனர் வந்து பார்த்துவிட்டு மோட்டாரையும் கப்பியையும் மறுநாளே கழற்றச் சொல்லிவிட்டார். பெரியப்பாவைப் பொறுத்தவரை, பொறாமை பிடித்த ஜனங்கள் ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள். வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் அதைச் சொல்ல இப்போது அவருக்கு வசதியாகவும் இருக்கிறது, கீழ் வீடு அல்லவா.

மறுநாள் காலையில் பெரியம்மா சமதளத்தில், என் தோளைக்கூடப் பிடித்துக்கொள்ளாமல், தெருமுனை வரை நடந்தார். செல்போன் உறைக்காரர் அதற்குள் வந்து, எங்கே அலமாரி வைக்கலாம் என்று ஷட்டருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பூட்டைத் திறந்தபடியே அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், வெளிச்சத்தை மறைக்கிறாராம். அவர் தள்ளி நின்றார். பிறகு போயே விட்டார். பெரியம்மா மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இத்தனை நாளும் தொளதொளப் பேன்ட்டோடு காத்திருந்தவர்கள் போல.

மத்தியானம் பெரியப்பா வந்து கடை வாசலில் நின்றார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லையாம். பெரியம்மா அவரிடம் ஒரு பேன்ட்டை நீட்டினார்.

"இந்தக் காலோட மடிப்பைப் பிரிச்சுக் குடுங்க. தையலை மட்டும்."

பெரியப்பா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். இப்படி ஒவ்வொரு தையலாகப் பிரிப்பது நேர விரயம், ஒரு பிளேடையும் ஒரு சின்ன ஸ்பிரிங்கையும் ஒரு கட்டையில் பொருத்திவிட்டால் ஒரே இழுப்பில் முழு மடிப்பும் வந்துவிடும், வீட்டில் அதற்கேற்ற கட்டை இருக்கிறது என்றார்.

பெரியம்மா பேன்ட்டை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார்.